கிளெம் ரெனூஃப்: ஒரு சங்க உறுப்பினரும் இரண்டு சொட்டு மருந்தும்

சர் கிளெம் ரெனூஃப் (1921–2020) ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர். நம்பூர் என்னும் சிற்றூரின் ரோட்டரி சங்கத்தில் 1949இல் சேர்ந்தவர். 1978–79ஆம் ஆண்டில் ரோட்டரி சங்கத்தின் உலகத் தலைவராகப் பணியாற்றினார். இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயை உலகிலிருந்தே அகற்றும் வேலையில் அச்சங்கம் இறங்குவதற்கு முதற்காரணமாக இருந்தவர்களுள் இவர் முக்கியமானவர். இவர் மருத்துவர் அல்லர், அறிவியலாளரும் அல்லர். ஆயினும் தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டுக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்த காட்சிக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ரெனூஃப் 1921ஆம் ஆண்டு வட குயின்ஸ்லாந்தில் உள்ள இங்கம் என்ற ஊரில் பிறந்தார். அது கரும்பு விளையும் பகுதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையில் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் கணக்காளராகி, பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே உள்ள நம்பூரில் தொழில் நடத்தினார். நம்பூரும் கரும்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர்தான்.

அவ்வூர் ரோட்டரி சங்கத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 28. அன்று தொடங்கிய உறுப்பினர் வாழ்க்கை எழுபது ஆண்டுகளைக் கடந்து நீடித்தது. உள்ளூர்ச் சங்கத்திலும் பின்னர் மாவட்ட ஆளுநர், உலக அமைப்பின் இயக்குநர் ஆகிய நிலைகளிலும் பொறுப்பு வகித்தார். பதவி முடிந்ததும் ஒதுங்கிவிடும் வழக்கம் அவரிடம் இல்லை. உலகத் தலைவராக இருந்து இறங்கிய பிறகும் நாற்பது ஆண்டுகள் அவர் ரோட்டரி உறுப்பினராகவே இருந்தார்.

ரோட்டரி சங்கம்: ஒரு சுருக்கம்

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்குரைஞர் மூன்று நண்பர்களுடன் கூடித் தொடங்கியதே ரோட்டரி சங்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால் இப்பெயர் வந்தது. தமிழில் சுழற்சங்கம் என்றும் எழுதுவர். இந்தியாவின் முதல் சங்கம் கல்கத்தாவில் தொடங்கியது. சென்னைச் சங்கம் 1929இல் அமைந்தது. 1962–63இல் கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாஹரி உலகத் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

இந்தச் சங்கத்தில் தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டுமே. ஜூலை 1 அன்று பொறுப்பேற்பவர் அடுத்த ஜூன் 30 அன்று இறங்கிவிடுவார். ஒவ்வொரு தலைவரும் தம் ஆண்டுக்கென ஒரு முழக்கத்தை அறிவிப்பார். அடுத்தவர் வேறொன்றை அறிவிப்பார். ஆகவே பல ஆண்டுகள் தொடர வேண்டிய பணி எதையும் தலைவர் ஒருவரால் மட்டும் நடத்த முடியாது. ரெனூஃப் செய்ததன் அருமையை உணர இந்த அமைப்பு முறையை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு பழைய தகராறு

ரெனூஃபின் காலம் வரை ரோட்டரி சங்கம் உலக அளவில் ஒரே நோயை எதிர்த்தோ ஒரே பணியை எடுத்தோ செயல்பட்டதில்லை. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஊருக்குத் தேவையானதைத் தானே தேர்ந்து செய்தது. ஓரிடத்தில் கண் சிகிச்சை முகாம், ஓரிடத்தில் நூலகம், ஓரிடத்தில் குடிநீர்த் தொட்டி என்று சேவை சிதறிக் கிடந்தது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து எட்கர் ஆலன் என்ற உறுப்பினர், கால் கை ஊனமுற்ற குழந்தைகளுக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். ரோட்டரி சங்கம் முழுவதும் அந்தப் பணியை ஏற்க வேண்டும் என்று ஒரு சாரார் வேண்டினர். சங்கங்களின் விருப்பத்தில் தலைமை தலையிடக் கூடாது என்று மற்றொரு சாரார் மறுத்தனர். முடிவில் 1923ஆம் ஆண்டு செயிண்ட் லூயிஸ் மாநாட்டில் 34ஆம் தீர்மானம் நிறைவேறியது. எந்தச் சேவையைச் செய்வது என்பதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்யும் என்பது அதன் சாரம். அதுவே ஏறத்தாழ வேதவாக்காக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் நின்றது.

ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றிய விவாதத்தில் பிறந்த ஒரு தடையை, குழந்தைகளை ஊனமாக்கும் நோயை ஒழிப்பதற்காகப் பின்னொரு தலைமுறை தளர்த்த வேண்டி வந்தது. அந்தத் தளர்வைத் தொடங்கிவைத்தவர் ரெனூஃப்.

மூன்று ஹெச் திட்டம்

1980இல் ரோட்டரிக்கு 75 ஆண்டு நிறைவு. பவள விழாவுக்கென்று ஒரு நிதி திரட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்த நிதியைக் கட்டடத்துக்கும் விழாவுக்கும் செலவிடாமல், எந்தத் தனிச் சங்கத்தாலும் செய்ய முடியாத பெரும் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று ரெனூஃப் வற்புறுத்தினார். உடல்நலம், பசி, மனிதநேயம் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஹெச் என்ற எழுத்தில் தொடங்குவதால் இத்திட்டம் மூன்று ஹெச் திட்டம் எனப்பட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தீர்மானத்தைக் காட்டி மூத்த உறுப்பினர்கள் பலர் மறுத்தனர். சங்கத்தின் தன்னுரிமை போய்விடும், பணம் தலைமையிடம் குவிந்துவிடும் என்பன அவர்களின் அச்சங்கள். அவற்றில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் திட்டம் ஏற்கப்பட்டது. அடுத்த கேள்வி, முதலில் எதைச் செய்வது என்பது.

பெரியம்மை காட்டிய வழி

அந்தச் சமயத்தில் பெரியம்மை ஒழிப்பைப் பற்றி ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் வந்த கட்டுரை ஒன்று ரெனூஃபின் கண்ணில் பட்டது. பெரியம்மையின் கொடுமையை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் அரிது. வேப்பிலையும் கூழும் அந்த அச்சத்தின் நினைவுகளே. அந்த நோய் இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு முடிந்தது. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டது என்று 1980 மே மாதம் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. 1967 முதல் நடந்த இந்த ஒழிப்புப் பணிக்கு ஆன செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர் என்று கணக்கிடப்படுகிறது.

ரெனூஃப் கணக்காளர் அல்லவா? இவ்வளவு பெரிய பயனுக்கு இவ்வளவுதான் செலவா என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததில் வியப்பில்லை. ஒரே ஒரு தடுப்பு மருந்தைத் தேர்ந்தெடுத்து நாம் இறங்கினால், எதை எடுக்கலாம் என்று டாக்டர் ஜான் செவர் என்பவரிடம் அவர் கேட்டார். செவர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் தொற்றுநோய் ஆய்வாளர். ரோட்டரியின் மாவட்ட ஆளுநராகவும் இருந்தவர். அவர் ஆராய்ந்து சொன்ன பதில்: போலியோ.

ஏன் போலியோ?

செவரின் பதிலுக்குப் பின்னே தெளிவான காரணங்கள் இருந்தன. மாணவர்கள் இவற்றை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, போலியோ நச்சுயிரிக்கு மனிதனே உறைவிடம். கொசுவிலோ கால்நடையிலோ அது தங்கிப் பெருகுவதில்லை. மனிதரிடையே பரவலைத் தடுத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

இரண்டாவது, ஆல்பர்ட் சாபின் உருவாக்கிய வாய்வழிச் சொட்டு மருந்து மலிவானது. ஊசி வேண்டாம், செவிலியர் வேண்டாம். அரை நாள் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விடலாம். மருத்துவர் அல்லாதார் நிறைந்த ஒரு சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது.

மூன்றாவது, அது செயல்படும் விதம். போலியோ மலத்தின் வழியாக வெளியேறி, அசுத்தமான நீர், உணவு, கைகள் வழியாக வாய்க்குள் செல்கிறது. தொற்று ஏற்படும் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் கை கால் செயலிழக்கிறது. மற்றவர்கள் நோயின் அடையாளம் இன்றியே அதைப் பரப்புவர். ஆகவே நோயாளியைத் தேடிப்பிடித்து ஒதுக்கும் முறை போலியோவுக்குப் போதாது. சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த நச்சுயிரி குழந்தையின் குடலில் இடம் பிடித்துக்கொள்ள, நோய் தரும் நச்சுயிரிக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ஒரு பகுதியிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுத்தால் பலன் பன்மடங்காகும். ஊர்கூடித் தேர் இழுப்பது போன்ற இந்த வேலைக்கு ஆள்பலமும் ஒழுங்கும் வேண்டும்.

நான்காவது ஒரு தடையும் இருந்தது. சொட்டு மருந்தைக் கடைசிக் குழந்தை வரை குளிர் குறையாமல் கொண்டுசெல்ல வேண்டும். மின்சாரம் இல்லாத ஊருக்குப் பனிக்கட்டிப் பெட்டியும் அதைச் சுமக்கும் ஆளும் தேவை. பெரியம்மைத் தடுப்பூசி வெப்பத்தைத் தாங்கும், இது தாங்காது.

மணிலா, 1979

மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் போலியோ மிகுதியாக இருந்த நாடுகளுள் பிலிப்பீன்சும் ஒன்று. மூன்று ஹெச் திட்டத்தின் முதற் பணியாக அங்குள்ள ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்குவது என்று முடிவாயிற்று. ரோட்டரியின் பங்கு 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர்.

1979 செப்டம்பர் 29 அன்று மணிலாப் பெருநகரின் மகாத்தி பகுதியில் உள்ள ஒரு நலவாழ்வு மையத்தில் பணி தொடங்கியது. முதல் சொட்டை விட்டவர் ரெனூஃப் அல்லர். அவருக்குப் பின் பதவிக்கு வந்த ஜேம்ஸ் போமர். ஜூன் 30 அன்றே ரெனூஃபின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தாம் தொடங்கிய வேலையின் முதல் நாளில் மேடையும் புகைப்படமும் இன்னொருவருக்குச் சென்றதை அவர் இழப்பாகக் கருதியதில்லை. பணி தொடர்ந்ததே அவருக்கு வேண்டியிருந்தது.

போலியோ பிளஸ்

பிலிப்பீன்சு அளித்த நம்பிக்கையில், சங்கத்தின் நூற்றாண்டான 2005க்குள் உலகக் குழந்தைகள் அனைவருக்கும் போலியோ மருந்து என்னும் குறிக்கோள் 1982இல் முன்வைக்கப்பட்டது. 1985இல் போலியோ பிளஸ் என்ற பெயரில் இயக்கம் முறையாகத் தொடங்கிற்று. 12 கோடி டாலர் திரட்டுவது நோக்கம். 1988ஆம் ஆண்டில் 24 கோடியே 70 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது.

அதே 1988இல் உலக நலவாழ்வுப் பேரவை போலியோவை உலகிலிருந்து ஒழிக்கத் தீர்மானித்தது. அப்போது 125 நாடுகளில் நோய் இருந்தது. ஆண்டுதோறும் 3,50,000 குழந்தைகள் முடமாயினர். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர். ரோட்டரி சங்கம், உலக நலவாழ்வு அமைப்பு, யுனிசெஃப், அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஆகியவை இம்முயற்சியில் கைகோத்தன.

வேலூர் முதல் டில்லி வரை

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான், 1980களின் தொடக்கத்தில் வேலூர் நகரக் குழந்தைகள் அனைவருக்கும் குறிப்பிட்ட நாள்களில் ஒருசேரச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நடத்திக் காட்டினார். அவரும் ரோட்டரி உறுப்பினர். வேலூர்ச் சங்கம் அவருக்குத் துணை நின்றது. வேலூர் இந்தியாவின் முதல் போலியோ இல்லா நகரமாயிற்று. அங்கிருந்து செஞ்சி அதிகத் தொலைவில்லை.

1994 அக்டோபர் 2 அன்று டில்லியிலும், 1995 டிசம்பர் 9, 1996 ஜனவரி 20 ஆகிய நாள்களில் நாடு முழுவதும் இம்முறை நடத்தப்பட்டது. முதலில் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கும் பின்னர் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கும் மருந்து வழங்கப்பட்டது. ஒரு சுற்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகள்; மருந்து கொடுப்போர் 20 லட்சத்துக்கும் மேல்.

தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. உத்தரப் பிரதேசமும் பீகாரும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் போராடின. 2009இல் இந்தியாவில் 741 பேருக்கு நோய் கண்டது. அது அவ்வாண்டின் உலக எண்ணிக்கையில் ஏறக்குறையப் பாதி. 2010இல் 42 பேர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை. அதற்குப்பின் இயற்கைப் போலியோ எவருக்கும் இல்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

செஞ்சி வட்டாரத்தில்

கலைக்களஞ்சியக் கட்டுரையில் எழுதுபவர் தம்மைப் பற்றிப் பேசுவது முறையன்று. ஆயினும் இந்தப் பகுதிக்கு நான் சாட்சி என்பதால் சிறிது இடம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஆசிரியர் பணியில் சேர்ந்தபோது செஞ்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் பிரிந்தது. அந்நாளில் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் போலியோவால் கால் சூம்பிய பிள்ளை ஒருவராவது இருப்பார். என் வகுப்பிலும் ஒரு மாணவன் இருந்தான். அண்ணன் முதுகில் சுமந்துவந்து வாசல் ஓரம் உட்கார வைத்துவிட்டுப் போவான். கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஓர் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளை இராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். கல்யாண மகால் வரை அவனைத் தூக்கி வந்தார்கள். மற்றவர்கள் மேலே ஏற, அவன் களஞ்சியத்துச் சுவர் நிழலில் எல்லாருடைய பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்த பிள்ளைகளிடம், மேலே பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்டான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் கையால் காட்டினார்கள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

சொட்டு மருந்து முகாம்கள் வந்தபின் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பணி வந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேசை போட்டுவிட வேண்டும். பனிக்கட்டி வைத்த பெட்டியில் மருந்துக் குப்பிகள் வரும். மருந்து குடித்த குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்போம். மறுநாள் முதல் வீடு வீடாகச் செல்ல வேண்டும். எல்லாக் குழந்தைகளும் குடித்துவிட்ட வீட்டுக் கதவில் ஒரு குறி. விடுபட்ட வீட்டில் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும்.

முகாமுக்குத் தாமாகவே வருவோரால் வேலை பெரிதாகாது. வராத சிலரைத் தேடுவதுதான் வேலை. கரும்பு வெட்ட வந்த கூலிக் குடும்பங்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்புகள், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குக் குழந்தையோடு வரும் வெளியூரார், அமாவாசைக்கு மேல்மலையனூர் செல்லும் கூட்டம் என எவரையும் விட முடியாது. பேருந்து நிலையத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிக்குள் ஏறி, மடியில் உறங்கும் குழந்தையை எழுப்பி மருந்து கொடுத்தது உண்டு. தாய்மார்கள் சிலர் ஏசுவார்கள். "போன தடவைதான் குடுத்தோமே, எத்தனை தடவைங்க சார் குடுப்பீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கும்.

இத்தகைய முகாம்களில் ரோட்டரி, அரிமா போன்ற சேவைச் சங்கத்தினரைக் காணலாம். பதாகை கட்டுவது, வண்டி தருவது, பணியாளர்களுக்குச் சிற்றுண்டியும் மோரும் வாங்கித் தருவது என அவர்களின் பங்கு எளிமையாகவே தோன்றும். மோர்ப் பாக்கெட் கொடுத்ததை வரலாறு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் வெயிலில் மதியம் வரை மேசையை விட்டு எழாமல் இருப்பதற்கு அந்த மோரும் ஒரு காரணம்.

குறைகளும் கேள்விகளும்

ரெனூஃபையும் அவருடைய சங்கத்தையும் புகழ்ந்து மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

முதற்குறை, அவர் தலைவராக இருந்த காலத்தில் ரோட்டரியில் பெண்கள் உறுப்பினராக முடியாது. கலிபோர்னியாவின் டுவார்டே என்ற ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக 1978இல் அதன் அங்கீகாரமே பறிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987இல் சங்கத் தலைமைக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபின், 1989இல்தான் விதி மாறியது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் சொட்டு மருந்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், சத்துணவு ஊழியர்கள், ஆசிரியைகள். எந்தச் சங்கம் பெண்களை வாசலில் நிறுத்தியதோ, அதன் பெருங்கனவைப் பெண்களே வீடு வீடாகச் சுமந்து சென்றார்கள்.

இரண்டாவது, குறித்த காலத்தில் வேலை முடியவில்லை. 2000 என்றும் 2005 என்றும் வைத்த கெடுக்கள் தவறின. ஆப்கானித்தானிலும் பாகித்தானிலும் நோய் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஒரு நோய்க்கே இவ்வளவு பணமும் ஆளும் போனால் மற்ற நோய்களின் கதி என்ன என்று கேட்ட வல்லுநர்களும் உண்டு.

மூன்றாவது, தடுப்பு மருந்து குறைவாகப் போய்ச்சேரும் பகுதிகளில் சொட்டு மருந்தின் வலுவிழந்த நச்சுயிரியே பல உடல்களைக் கடந்து, மீண்டும் வலுப்பெற்று நோய் தருவது அரிதாக நிகழ்கிறது. இதனால்தான் 2015 முதல் இந்தியாவில் ஊசிவழிப் போலியோ மருந்தும் சேர்க்கப்பட்டது. 2016இல் சொட்டு மருந்தின் கூட்டும் மாற்றப்பட்டது.

இறுதிக்காலம்

ரெனூஃப் 2020 ஜூன் மாதம் தம் 99ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று உலக நலவாழ்வு அமைப்பின் ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்க அவருக்கு இரண்டரை மாதம் போதவில்லை. இதற்குள் ரோட்டரி சங்கம் போலியோ ஒழிப்புக்குத் தந்திருந்த தொகை இருநூறு கோடி டாலரைக் கடந்திருந்தது.

மதிப்பீடு

சேவைச் சங்கங்களில் பொதுவாக நினைவில் நிற்பவை தலைவர்களின் படங்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் ஆண்டுதோறும் கைமாறும். ரெனூஃபும் அத்தகைய தலைவர்களுள் ஒருவராகவே இருந்திருக்கலாம். அவரை வேறுபடுத்துபவை இரண்டு. தம் பதவிக்காலத்தில் முடியவே முடியாத ஒரு வேலையை அவர் தொடங்கினார். தொடங்கியபின், அதன் பெயரும் புகழும் பிறருக்குச் சென்ற நாற்பது ஆண்டுகளும் சாதாரண உறுப்பினராக உடன் இருந்தார்.

இன்று செஞ்சியில் குழந்தை பெறும் இளந்தாய்மார்கள் போலியோ கண்ட பிள்ளையைப் பார்த்ததே இல்லை. அது வெற்றி, அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பார்க்காத நோய்க்கு எதற்கு மருந்து என்ற அலட்சியம் அதிலிருந்துதான் பிறக்கும். எல்லைக்கு அப்பால் நோய் இருக்கும் வரை முகாம் நாளன்று ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமை. முன்பு எத்தனை முறை கொடுத்திருந்தாலும் அன்றும் கொடுக்க வேண்டும்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் கோட்டைக்கு அழைத்துச் சென்ற வகுப்புகளில், போலியோவால் கீழே உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்க வேண்டிய பிள்ளை ஒருவர்கூட இல்லை. களஞ்சியத்து நிழலில் பைகளைக் குவித்துவிட்டு எல்லாரும் மேலே ஏறினார்கள். பைகளைப் பார்த்துக்கொள்ளக் கீழே நின்றவன் நான்தான்.